பெங்களூரு சத்தம், சூரிய வளையம், செப்டம்பர் 23: எல்லாமே கடைசி கால அறிகுறியா?

லிங்கராஜபுரம் சாம்:

பெங்களூரில் தமிழ் சபைகளுக்குப் போகிறவர்களிடம் கேட்கிறேன். மற்றவர்களும் பேசலாம், மதத்தைத் திட்ட மட்டும் வேறு இடம் பாருங்கள்.

2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில் சபை எடுத்துக்கொள்ளப்படும், அதாவது இயேசு வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோஷுவா ம்லாகேலா யூடியூப் பேட்டியில் சொன்னாரே, கனவில் இயேசுவே தேதி கொடுத்ததாக. அது யூதரின் எக்காளப் பண்டிகை நாள் வேறு. டிக்டாக்கில் உலகம் முழுக்கச் சுற்றி, தமிழில் குரல் கொடுத்த வீடியோவாக நம்ம ஏரியா டெலிகிராம் குழு ஒன்றுக்கும் வந்து சேர்ந்தது. தேதி போய்விட்டது. உடனே காலண்டர் கணக்கு மாறிவிட்டது, ஜூலியன் காலண்டர்படி அக்டோபர் 7, 8 என்றார்கள். அதுவும் போய்விட்டது. குழு மட்டும் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் ஆள் கூடியிருக்கிறது.

என் பெரியம்மா அதில் இருக்கிறார். கம்மனஹள்ளியில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். செப்டம்பர் கடைசியில் கட்டவேண்டிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைக் கட்டவில்லை. "இனி எதுக்குடா தம்பி" என்கிறார். வசனம் காட்டிப் பேசினால் என்னைவிட நிறைய வசனம் காட்டுகிறார். தேதி தவறிய பிறகும் ஒருவருக்கு நம்பிக்கை கூடுவது எப்படி? யாராவது புரிய வையுங்கள்.

விழித்திரு 2444:

கடைசி நாட்களில் பரியாசக்காரர் வருவார்கள் என்று பேதுரு எழுதி வைத்திருக்கிறார். இந்த இழையே ஒரு அறிகுறிதான், சாம் பிரதர்.

தேதி சொன்னவர் தவறியிருக்கலாம். நான் தேதி நம்புகிறவன் இல்லை. ஆனால் அறிகுறிகளை என்ன செய்வீர்கள்? வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்னபடி யூப்ரடீஸ் நதி வற்றுகிறது. எருசலேமில் யூதர் கட்ட நினைக்கிற மூன்றாம் ஆலயத்தின் சுத்திகரிப்புச் சடங்குக்காக 2022 செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து 5 சிவப்புக் கிடாரிகளை இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார்கள். ஜெனீவாவில் அணுவை உடைக்கிற செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் அழிவின் தெய்வத்துக்குச் சிலை. ஆதார் இல்லாமல் எதுவும் நடக்காது, அடுத்தது டிஜிட்டல் ரூபாய். நம்ம ஊரிலேயே 2020 மே 20ந்தேதி பட்டப்பகலில் வானத்தில் அந்தச் சத்தம். ஒயிட்ஃபீல்டு முதல் எலக்ட்ரானிக் சிட்டி வரை ஜன்னல் அதிர்ந்தது. அதே நாள் வங்காளத்தில் அம்பன் புயல் கரையைக் கடந்தது. மறு வருஷம் மே 24ல், ஜனங்கள் ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, சூரியனைச் சுற்றி வளையம். இத்தனையும் தற்செயல் என்றால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஹெப்பாள் ரவி:

கிறிஸ்தவன் இல்லை, வசனத்துக்குள் வரமாட்டேன். சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், விமானத் துறையில் வேலை.

அது சோனிக் பூம், விமானம் ஒலியைவிட வேகமாகப் போகும்போது எழும் வெடிச்சத்தம். பெங்களூரில் விமானப்படையின் சோதனைப் பிரிவு இருக்கிறது, விமானம் கட்டும் எச்.ஏ.எல். இருக்கிறது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சோதனைகள் இங்கே புதிதே இல்லை. நகர எல்லைக்கு வெகு வெளியே பறந்த விமானம், 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையே ஒலிவேகத்துக்குக் கீழே வேகத்தைக் குறைத்தபோது அந்த அதிர்வு உண்டாகியிருக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. விமானம் 65, 80 கிலோமீட்டர் தள்ளிப் போனால்கூடக் கேட்கும். பொதுமுடக்கத்தில் ரோடு அமைதியாக இருந்ததால் கூடுதலாகக் கேட்டது என்பது என் ஊகம். 2021லும் இதே மாதிரிச் சத்தம் கேட்டது, அப்போது இவ்வளவு பேர் பயப்படவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சத்தம் மதியம் ஒன்றரை மணி வாக்கில். அதிகாரப்பூர்வ விளக்கம் மாலையில். பேரிடர் கண்காணிப்பு மையம் நிலநடுக்கம் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படியானால் என்ன என்று சொல்ல ஆளில்லை. அந்தச் சில மணி நேரத்தில் என் வாட்ஸ்அப்பில் வேற்றுக்கிரகவாசி, சீனா, எக்காளம் மூன்றும் வந்துவிட்டன. விளக்கம் வந்த பிறகு அதை அனுப்பியவர் ஒருவர்கூட இல்லை. யாருக்கும் பொய் சொல்ல ஆசை இல்லை, சும்மா இருக்கத்தான் முடியவில்லை.

சிவாஜிநகர் மேரி:

சூரிய வளையம் மேகத்தில் இருக்கும் பனித்துகள்களால் வருவது. 22 டிகிரி வளையம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித்தருகிறோம். பசிலிக்கா பக்கம் மொட்டைமாடி மொட்டைமாடியாக நின்று போட்டோ எடுத்தார்கள், நானும்தான்.

ஆனால் எங்கள் கத்தோலிக்கர் பக்கமும் ஒழுங்கில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் இருள் வரும், மந்திரித்த தேன்மெழுகுத் திரி மட்டும்தான் எரியும் என்று வருஷாவருஷம் ஒரு செய்தி சுற்றும். 2025 ஏப்ரல் 21ல் போப் பிரான்சிஸ் இறந்ததும் புனித மலாக்கியின் பட்டியல் கிளம்பியது. 12ஆம் நூற்றாண்டு ஆயர் வருங்காலப் போப்புகள் எல்லாரையும் பற்றி ஒவ்வொரு வரி எழுதி வைத்தாராம், கடைசி ஆள் "ரோமன் பேதுரு", அவரோடு ரோமாபுரி அழியுமாம்.

அந்தப் பட்டியல் முதன்முதலில் அச்சானது 1595ல். மலாக்கி இறந்தது 1148ல். நடுவில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. 1590 வரை வந்த போப்புகளுக்கு வரிகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன, ஊர்ப்பெயர், குடும்பச் சின்னம் எல்லாம். அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி மங்கலாகிவிடுகின்றன. எப்போது எழுதினார்கள் என்று இதிலேயே தெரிகிறதே. பிரான்சிஸ் பெயரில் பேதுரு எங்கே என்று கேட்டால், அசிசியின் பிரான்சிஸுடைய அப்பா பெயர் பியேத்ரோ என்றார்கள்! இப்போது பதினான்காம் லியோ வந்து உட்கார்ந்திருக்கிறார். பட்டியல் தீர்ந்துவிட்டது, போப் தீரவில்லை.

அல்சூர் சோமு:

செர்னில் இருப்பது நடராஜர் ஐயா. இந்திய அணுசக்தித் துறை 2004ல் அன்பளிப்பாகக் கொடுத்தது, 2 மீட்டர் உயரம். அந்தக் கூடத்தோடு நம் விஞ்ஞானிகளுக்கு 1960களிலிருந்து தொடர்பு. சோழர் காலத்திலிருந்து நாங்கள் கும்பிடுகிற ஆனந்தத் தாண்டவம், அமெரிக்க யூடியூபர் பார்வையில் நரகத்தின் கதவு. அதை நம்ம ஊர்த் தமிழரே திருப்பிச் சொல்வதுதான் வேதனை.

சண்டைக்கு வரவில்லை. இதோடு முடித்துக்கொள்கிறேன்.

மர்ஃபி டவுன் பெரியவர்:

தம்பி சாம், தேதி தவறியும் நம்பிக்கை ஏன் கூடுகிறது என்று கேட்டீர்கள். இது பழைய கதை. நான் பார்த்ததும் படித்ததும் கொஞ்சம் சொல்கிறேன், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் 8:14ல் வரும் 2,300 இராப்பகலை 2,300 வருஷம் என்று எடுத்துக்கொண்டு, கி.மு. 457லிருந்து எண்ணி 1843-44க்கு வந்தார். அவருடைய கூட்டத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். அறுவடை செய்யாமல் விட்டவர்கள் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. பலர் அழுது வீட்டுக்குப் போனார்கள். ஆனால் ஒரு பகுதியினர், "தேதி சரி, நடந்த இடம்தான் பரலோகம், பூமி இல்லை" என்றார்கள். அதிலிருந்து வளர்ந்து 1863ல் ஒரு பெரிய சபையே உருவானது.

வெள்ளைக்காரன் பைத்தியம் என்று சிரிக்கவேண்டாம். நம்மிடமும் உண்டு. கொல்லம் பக்கம் யுஸ்தூஸ் யோசேப்பு என்று ஒரு போதகர், வித்துவான்குட்டி என்பார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவர் ஆனவர். அவருடைய கீர்த்தனைகளை மலையாள சபைகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள். திருநெல்வேலியில் அருளப்பன் என்ற ஊழியர் நாளில் மூண்ட ஆன்மிக எழுப்புதல் 1870களில் திருவிதாங்கூருக்குப் பரவியபோது அதில் முன்னின்றவர். 1881ல் கிறிஸ்து வருவார் என்று சொன்னார். படித்த மனிதர், பணத்துக்காகச் சொன்னவர் இல்லை. 1881 வந்து போனது. கூட்டத்தார் யுயோமயம் என்ற பெயரில் தனிச் சபையாகவே நின்றுவிட்டார்கள்.

நான் பார்த்தது 1988. இஸ்ரேல் பிறந்தது 1948. இயேசு சொன்ன அத்திமர உவமையில், எல்லாம் நடக்கும்வரை ஒழிந்துபோகாது என்று "இந்தச் சந்ததி" வருகிறது. ஒரு சந்ததிக்கு 40 வருஷம், கூட்டினால் 1988. எட்கர் விசனன்ட் என்ற முன்னாள் நாசா பொறியாளர் 88 காரணம் அடுக்கி, செப்டம்பர் 11க்கும் 13க்கும் நடுவில் என்றார். ஆஸ்டின் டவுனில் ஒரு ஜெபக்கூட்டத்தில் அதைப் பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார்கள். தவறியதும் 1989 என்றார். ஹெரால்டு கேம்பிங் முதலில் 1994 என்று சொன்னார், பிறகு 2011 மே 21, பிறகு அதே வருஷம் அக்டோபர் 21. தேதி குறித்தது பாவம் என்று 2012ல் அவர் எழுதி மன்னிப்புக் கேட்டது ஒரு நல்ல காரியம். மற்றவர்களிடம் அதையும் காணோம்.

பிரசல்ஸில் மூன்று மாடி உயரத்துக்கு, வெளிப்படுத்தின விசேஷத்தில் கடைசி காலக் கொடியவனுக்கு வரும் பெயரில், "மிருகம்" என்ற கம்ப்யூட்டர் இருக்கிறது, உலகத்தில் எல்லாருக்கும் எண் கொடுக்கப்போகிறது என்று கைப்பிரதி வந்ததே, ஞாபகமிருக்கிறதா? ஒரு கிறிஸ்தவப் படத்துக்கு விளம்பரமாக அடித்த போலிப் பத்திரிகைச் செய்தி அது. படம் மறந்துபோச்சு, கம்ப்யூட்டர் மட்டும் பல வருஷம் பிரசங்கத்தில் ஓடியது. அப்புறம் பார்கோடு. அப்புறம் சோவியத் தலைவர் கோர்பசேவ் நெற்றியில் இருந்த மச்சம். அந்த மனிதர் பீட்சா விளம்பரத்தில் நடித்துவிட்டு, 2022ல் வயதாகிச் செத்தார்.

பெரியம்மாவைக் கோபிக்காதீர்கள். ஊரறிய ஒரு காரியத்தை நம்பி நின்றவருக்கு, அது தவறு என்று சொல்வதைவிடக் கணக்கு தவறு என்று சொல்வது சுலபம்.

விழித்திரு 2444:

பெரியவர் ஐயாவுக்கு மரியாதை. ஆனால் கள்ளத் தீர்க்கதரிசி இருப்பதால் தீர்க்கதரிசனமே இல்லை என்றாகுமா? மிருகத்தின் முத்திரை, அதன் எண்ணான 666, இல்லாமல் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று வசனம் சொல்கிறது. ஆதார் எண்ணை மிசோரமில் சில விசுவாசிகள் மறுத்தார்கள், அவர்களும் முட்டாள்களா? மைக்ரோசாஃப்ட் எடுத்த காப்புரிமை எண்ணைப் பாருங்கள்: டபிள்யூஓ 2020/060606. உடம்பின் அசைவை வைத்து டிஜிட்டல் பணம். கொரோனா வந்த அதே மார்ச் மாதம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

காக்ஸ் டவுன் எஸ்தர்:

நான் ஒரு கம்பெனியில் காப்புரிமை ஆவண வேலை பார்க்கிறேன். அந்த எண் உண்மைதான், அந்த விண்ணப்பமும் உண்மைதான். 2020 மார்ச் 26ல் வெளியானது. ஆனால் தாக்கல் ஆனது 2019 ஜூனில், கொரோனா என்ற பேச்சே எழும்முன். எண் கம்பெனி கேட்டு வாங்குவது இல்லை. அந்த வருஷம் வெளியாகிற வரிசையில் தானாக விழுவது. அதற்கு முன் எண்ணும் பின் எண்ணும் வேறு யாரோ எதற்கோ போட்டவை. அதில் ஊசியும் இல்லை, தோலுக்கடியில் சிப்பும் இல்லை. மூளை அலை, உடல் சூடு மாதிரியானவற்றை வெளியே இருக்கிற கருவி அளந்து, அதை வைத்துக் கிரிப்டோ நாணயம் உண்டாக்கலாம் என்று ஒரு யோசனை. இந்த மாதிரி விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் தயாரிப்பாகவே வருவதில்லை, எங்கள் ஆபீசில் அலமாரி நிறையக் கிடக்கிறது.

நடுநடுவே 0 இருக்கிறதே, அதை யாரும் கேட்பதில்லை. 060606 என்பது அறுபதாயிரத்து அறுநூற்று ஆறு.

மில்லர்ஸ் ரோடு மாணவன்:

இறையியல் படிக்கிறேன், இன்னும் அபிஷேகம் ஆகவில்லை, அதனால் ஐயா என்று கூப்பிடவேண்டாம்.

வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை முத்திரையில் தொடங்கிப் படிக்கிறோம், அங்கேதான் சிக்கல். அதிகாரம் முழுக்க வணக்கம் பற்றியது. மிருகத்தை வணங்கினார்கள், சொரூபத்தை வணங்காதவர்கள் கொலையுண்டார்கள், அதற்குப் பிறகுதான் முத்திரை. அப்படியே அதிகாரத்தைத் தாண்டி 14:1 படியுங்கள், அங்கே ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதை யாரும் சிப் என்று சொல்வதில்லை! இரண்டும் ஒரே நெற்றி, கேள்வி நீ யாருடையவன் என்பது. தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டு, ரேஷன் அட்டைக்கு விரல் வைத்து, ஒருவன் கிறிஸ்துவை மறுதலித்துவிட முடியும் என்று யோவான் எழுதவில்லை.

666 பற்றி: எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. நீரோ சீசர் என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, அப்புறம் 100, 60, 200. மொத்தம் 666. லத்தீன் உச்சரிப்புப்படி கடைசி "ன்" விட்டு எழுதினால் 616. ஆச்சரியம் என்னவென்றால், சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் ஒன்றிலும் அப்படித்தான். எல்லா அறிஞரும் நீரோவை ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் முதல் வாசகருக்குப் புரிகிற மாதிரி எழுதினார் என்பதை மறுப்பது கஷ்டம். ஆசியாவின் ஏழு சபைக்கு எழுதின நிருபம் அது. பெர்கமுவில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, கோவில் இருந்தது, தொழில் சங்கத்து விருந்தில் விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடாவிட்டால் வியாபாரம் நடப்பது கடினம். கொள்ளவும் விற்கவும் என்ற வரி அவர்களுக்கு அன்றாடப் பாடு.

2ஆம் நூற்றாண்டிலேயே இரேனியு என்ற ஆயர் இந்த எண்ணுக்குப் பொருந்துகிற சில பெயர்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, எதையும் அடித்துச் சொல்லாமல், தீர்க்கதரிசனம் நிறைவேறும்வரை காத்திருப்பதே பத்திரம் என்றார். இயேசு அப்போஸ்தலருக்குச் சொன்னதும் அதுதான்: "பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல."

இன்னொன்று. சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருஷ உபத்திரவம் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட அட்டவணை ஆதிச் சபையிலிருந்து அப்படியே வந்தது இல்லை. 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வகுத்த வடிவம், 1909ல் ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகளில் ஏறி உலகம் முழுக்கப் போனது. தவறு என்று சொல்லவில்லை, அதை நம்புகிற நல்ல பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு விளக்கம். வசனமே அது என்று குழுவில் சொல்லித்தருவதுதான் சரியில்லை.

கேஜிஎஃப் ராஜன்:

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் சந்தேகப்படுகிறவன் எல்லாம் படிக்காதவன் என்ற தொனி அடிக்கிறது.

அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின மக்களுக்கு வைத்தியம் இருந்தும் கொடுக்காமல் நோய் எப்படிப் போகிறது என்று அரசாங்க மருத்துவர்களே வேடிக்கை பார்த்தார்கள். அது சதிக்கதை இல்லை, பதிவான உண்மை. 2021ல் பெகாசஸ் உளவு மென்பொருள் செய்தி வந்தபோது யார் யார் போனைக் குறிவைத்திருக்கலாம் என்று பேப்பரிலேயே பட்டியல் வந்தது. எங்கள் ஊரில் 2001 பிப்ரவரி 28ல் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். திரும்பத் திறப்போம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு குரல். சயனைடு மண்மேடு இன்னும் அப்படியே நிற்கிறது, காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. எங்கள் ஜனம் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறது. மேலே இருக்கிறவன் சொல்வதை நம்பாதே என்று எங்களுக்கு யூடியூப் சொல்லித்தரவில்லை.

கிறிஸ்தவர்களுக்கும் பயம் சும்மா வரவில்லை. 2008 செப்டம்பரில் மங்களூரில் ஆலயங்களைத் தாக்கினார்கள். 2021ல் சர்ச்சுகளைக் கணக்கெடுக்கச் சொல்லி சட்டமன்றக் குழு உத்தரவு போட்டது. மறு வருஷம் மதமாற்றத் தடைச் சட்டம். ஜெபக்கூட்டம் நடத்தவே பயந்த வீடுகள் எனக்குத் தெரியும். பயந்திருக்கிறவனிடம் போய் 22 டிகிரி வளையம் என்று பாடம் எடுத்தால் ஏறுமா? வெளிப்படுத்தல் புத்தகமே பயந்திருந்த ஜனத்துக்கு எழுதினதுதானே.

மில்லர்ஸ் ரோடு மாணவன்:

ராஜன் அண்ணன் சொல்வதில் உடன்படுகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். டஸ்கீகி எப்படி வெளியே வந்தது? உள்ளே இருந்த ஒருவர் ஆவணத்தோடு போய்ப் பத்திரிகையாளரிடம் சொன்னார், ஆண்டு, இடம், பெயர் எல்லாம் இருந்தது. பொய் என்றால் பொய் என்று நிரூபிக்க வழி இருந்தது. குழுவில் வருகிறவற்றில் அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். ஆதாரம் இருந்தால் ஆதாரம். இல்லையென்றால் மறைத்துவிட்டார்கள், அதுவே ஆதாரம். தேதி நடந்தால் தீர்க்கதரிசனம், நடக்காவிட்டால் தேவன் தவணை கொடுத்திருக்கிறார். உபாகமம் 18:22 சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று நேராகச் சொல்கிறது. அதாவது தவறு என்று காட்ட வழியுள்ள பேச்சைத்தான் வேதம் தீர்க்கதரிசனம் என்று மதிக்கிறது.

ஹெப்பாள் ரவி:

ராஜனுக்கு ஒரு சேர்க்கை. பயம் உண்மையாக இருந்தாலும் வதந்தி அதை என்ன செய்யும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. 2012 ஜூலையில் அசாமில் கலவரம் நடந்தது உண்மை. ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவரை பெங்களூரில் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் கிளம்பியது. குவாஹத்திக்குச் சிறப்பு ரயில் விடவேண்டிய நிலை, ஆயிரக்கணக்கில் சிட்டி ஸ்டேஷனில் மூட்டையோடு நின்றார்கள். கடைசியில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதை ஒரு நாளைக்கு ஐந்து என்று அரசாங்கம் கட்டுப்படுத்தியது. 2018 மே மாதம் பிள்ளைபிடிக்கிறவன் வதந்தி; சாம்ராஜ்பேட்டையில் வேலை தேடி வந்த ராஜஸ்தான் இளைஞரை அடித்தே கொன்றார்கள். அதை அனுப்பியவர்கள் எல்லாம் பிள்ளை வைத்திருந்தவர்கள், நல்லது செய்வதாக நினைத்தவர்கள்.

ஐடி பிரபு:

சினிமா போஸ்டரில் ஹீரோ ஒரு கண்ணை மூடினால், உலகத்தை ரகசியமாக ஆளுகிற இல்லுமினாட்டி சங்கத்து அடையாளம் என்று சொல்கிற கூட்டத்தை யாரும் தொடவில்லையே? ஜெர்மனியின் பவேரியாவில் 1776 மே 1ல் ஆடம் வைஸ்ஹாப்ட் ஆரம்பித்த சங்கம், பத்து வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை, அங்கே ஆண்டவர் தடை போட்டு முடித்துவிட்டார். டாலர் நோட்டில் 1776 என்று ரோம எண்ணில் இருப்பது அமெரிக்க சுதந்திரம். கோடம்பாக்கம் வரை வருவதற்கு அவர்களிடம் பஸ் காசுகூட இருந்திருக்காது.

விழித்திரு 2444:

கிண்டல் பண்ணுங்கள். ஒன்று சொல்கிறேன், பிறகு நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்.

2021 ஏப்ரலில் என் தம்பிக்கு மூச்சு திணறியது. படுக்கை கிடைக்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து போகிற சபையில் எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன். "ஜெபிக்கிறோம்" என்று கைகூப்பின படம் வந்தது. இந்தக் குழுவின் அட்மின், அதுவரை நேரில் பார்த்ததே இல்லை, ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோவில் ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தார். தம்பி பிழைத்தான். இன்றுவரை தினம் காலையில் என்னைக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான், சாப்பிட்டாயா, வேலை கிடைத்ததா என்று. நீங்கள் எல்லாம் கற்றவர்கள். எனக்கு யூப்ரடீஸ் முக்கியமா, அந்த மனிதர் முக்கியமா?

காக்ஸ் டவுன் எஸ்தர்:

விழித்திரு பிரதர், தம்பி நன்றாக இருப்பது சந்தோஷம். உண்மையாகவே சொல்கிறேன். அந்த அட்மின் செய்தது சபை செய்யவேண்டிய வேலை. அதற்காக அவர் சொல்கிற தேதியை நம்பவேண்டிய கடன் உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சாம், உங்கள் பெரியம்மா விஷயமும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் குழுவில் தினம் எத்தனை பேர் அவரிடம் பேசுகிறார்கள், குடும்பத்தில் எத்தனை பேர் பேசுகிறீர்கள், பாருங்கள். அறிகுறி பற்றி வாதாடாதீர்கள். போனால் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, அவர் அனுப்பின வீடியோவை அவரோடேயே முழுக்கப் பாருங்கள். பார்த்து முடித்ததும் ஒரே கேள்வி: "பெரியம்மா, எது நடக்காவிட்டால் இவர் சொன்னது தப்பு என்று இவர் ஒத்துக்கொள்வார்?" பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், தேதியோடு. திருத்தவேண்டாம். பணம் கேட்கிறார்களா என்பதையும் பாருங்கள். விதைக் காணிக்கை என்று வங்கிக் கணக்கு எண் வந்தால் அது வேறு கேஸ்.

பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் இருக்கும். அதற்குள் கட்டிவிடுங்கள். விட்டால் பழைய சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அவரிடம் கேட்காமல் கட்டவேண்டாம், கேட்டுவிட்டு நீங்கள் கட்டுங்கள். வருகை தாமதமானால் உதவும் என்று சொல்லுங்கள், பத்து கன்னிகை உவமையில் எண்ணெய் வைத்திருந்தவர்கள்தானே புத்தியுள்ளவர்கள்.

லிங்கராஜபுரம் சாம்:

எண்ணெய் வசனம் வேலை செய்தது அக்கா! சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குழுவை விடமாட்டாராம். "அங்கே என்னைத் தேடுறாங்கடா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பாடு என்று முடிவாகியிருக்கிறது.

மர்ஃபி டவுன் பெரியவர்:

சபைகளையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வருஷம் முழுக்க ஆசீர்வாதம், வாக்குத்தத்த அட்டை, கட்டட நிதி. வெளிப்படுத்தின விசேஷத்தை எந்த ஆயர் அதிகாரம் அதிகாரமாகப் போதித்தார்? புத்தகத்தை நாம் மூடி வைத்துவிட்டு, யாரோ திறந்து படித்தான் என்று குறை சொல்கிறோம்.

மில்லர்ஸ் ரோடு மாணவன்:

அதற்குத்தான் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைகளில் ஏழு சபைகளின் நிருபங்களிலிருந்து ஆரம்பிக்கிறோம். யாரும் வரலாம்.

விழித்திரு 2444:

வருகிறேன். ஆனால் யூப்ரடீஸுக்கு இங்கே யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, கவனித்தேன்.

மில்லர்ஸ் ரோடு மாணவன்:

நியாயம். யூப்ரடீஸ் துருக்கியில் பிறந்து சிரியா வழியாக ஈராக்குக்குப் போகிறது. சிரியா 1970களில் தப்காவில் அணை கட்டியது. துருக்கி அத்தாதுர்க் அணையை நிரப்ப 1990 ஜனவரியில் ஒரு மாதம் நதியையே கிட்டத்தட்ட நிறுத்தியது. அதன் மேல் வறட்சி, பாசனம். காவிரிக்காகப் பஸ் கொளுத்தின ஊரில் இருந்துகொண்டு, மேலே அணை கட்டினால் கீழே என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

வசனத்தையும் பார்ப்போம். நதி வற்றுவது 16ஆம் அதிகாரத்தில், தேவகோபத்தின் ஏழு கலசங்களில் ஆறாவது கலசம். முதல் ஐந்து எப்போது ஊற்றப்பட்டன? சமுத்திரம் முழுக்க இரத்தமானது எப்போது?

விழித்திரு 2444:

முதல் கலசம் கொரோனா என்று குழுவில் ஒரு விளக்கம் இருக்கிறது.

மில்லர்ஸ் ரோடு மாணவன்:

முதல் கலசம் கொடிய புண், மிருகத்தின் முத்திரை தரித்தவர்கள்மேல் மட்டும் உண்டாவது. 16:2 பாருங்கள். கொரோனாவில் நம் சபைகளில் எத்தனை ஆயர்கள் போனார்கள், அவர்கள் எல்லாருக்கும் முத்திரையா?

விழித்திரு 2444:

சரி, அதை வெள்ளிக்கிழமை பேசுவோம். அட்மின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருவேன், பரவாயில்லையா? எத்தனை மணிக்கு?

மில்லர்ஸ் ரோடு மாணவன்:

தாராளமாக. ஏழு மணி. இடத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பார்க்கிங் கிடையாது, பஸ்ஸில் வாருங்கள். டீ உண்டு.